வியாழக்கிழமை நல்ல செய்திகள்

நம் காலை நடைக் குழுவின் வாட்ஸப்பில் போன வாரம் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம்மில் ஒருத்தி, தன் வீட்டுக்காரருக்கு எடுத்த ஸ்கேனில் கெட்ட சேதி வந்திருப்பதாக விடிகாலையில் எழுதினாள். நாலைந்து பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டோம். அதற்குள் யாரோ ஒரு ரோஜாப்பூ படம் போட்டு, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்றார்கள். அடுத்து ஒருவருடைய பேரனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி. உடனே கைதட்டல், கேக், பலூன். அவள் எழுதியது மேலே மேலே நகர்ந்து கண்ணுக்கு மறைந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் போனை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு பால்கனியில் போய் நின்றேன்.

உங்கள் மேல் கோபமில்லை. நல்ல சேதிக்குக் கைதட்டுவது ஒரு குற்றமா? ஆனால் எனக்கு இது ஒன்பது வயதில் பிடித்த வியாதி. நல்ல சேதி வரிசையாக வந்தால் எழுந்து போய்விடத் தோன்றும். ஏன் என்று சொல்கிறேன். நீங்களும் என் வயதுக்காரர்கள்தான்; வெந்தயத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தால் பதினொரு மணிவரை நமக்கு என்ன வேலை.

எங்கள் அப்பா லஸ் பக்கம் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். பல்பு, ஃப்யூஸ் கம்பி, ஃபேன் ரெகுலேட்டர், கூடவே கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விட ஒரு மைக்செட். அந்த மைக்செட்தான் அவரை ஒரு சேவைச் சங்கத்துக்குள் கொண்டுபோய் விட்டது. கண் சிகிச்சை முகாம், ஏழைப் பெண்களுக்குத் தையல் மிஷின், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்று ஊருக்கு நல்லது செய்கிற சங்கம். எல்லோரும் அதைக் கிளப் என்றுதான் சொல்வார்கள். அதில் டாக்டர்கள், ஆடிட்டர்கள், வக்கீல்கள், ராயப்பேட்டையில் மரவாடி வைத்து மரம் விற்ற ஒரு பாய், கடைசியாக எங்கள் அப்பா. மைக்செட்டுக்கு வாடகை மிச்சம் என்றுதான் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அம்மா சிரிப்பாள். அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் கோட்டுப் போட்டவர்கள் நடுவே தன் பெயரெழுதிய பேட்ஜைக் குத்திக்கொண்டு உட்காருவது அவருக்குப் பெரிய விஷயம். வியாழக்கிழமை மத்தியானமே அந்தப் பேட்ஜை விபூதி போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

கூட்டம் ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் நடக்கும். அப்பா ரிக்‌ஷாவில் ஏறி, ஆம்ப்ளிஃபயரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போவார். மாதத்தில் ஒரு வியாழன் குடும்பத்தோடு வரலாம். அன்று நானும் அம்மாவும் போவோம். அந்த ஹாலின் வாசனையை இப்போதும் என்னால் சொல்ல முடியும். ஆம்ப்ளிஃபயர் வால்வு சூடேறும்போது அதன் மேல் படிந்த தூசி கருகும் வாசனை, கீழே சமையல்காரர் போண்டா போடும் எண்ணெய், கரும்பலகைச் சாக்பீஸ் தூள், மாமிகள் தலையில் மல்லிகைப்பூ. பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கொரு பாட்டில் கலர் சோடா கொடுப்பார்கள். அதைத் தீர்ந்துவிடாமல் கூட்டம் முடியும்வரை உறிஞ்சுவது எங்களுக்குள் ஒரு போட்டி.

தலைவர் ஒரு பெரிய டாக்டர். கழுத்தில் பட்டையும் பதக்கமும் மாட்டிக்கொண்டு, மேஜை மேலிருக்கும் வெண்கல மணியை மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவார். கூட்டம் ஆரம்பம். பிரார்த்தனை முடிந்ததும் நல்ல செய்தி நேரம். அந்த வருஷம் அவர் பம்பாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து புகுத்திய வழக்கம் அது. ஒவ்வொரு அங்கத்தினரும் எழுந்து, அந்த வாரம் தன் வீட்டிலோ தொழிலிலோ நடந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்றால் மைக்கில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அதுதான் தண்டனை. வக்கீல் ஒருவர் ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டு பாடினார். கீழே தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது என்று வெகுநாள் பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் யாருக்கும் நல்ல செய்திக்குப் பஞ்சமே வரவில்லை. வாரா வாரம் யாருக்காவது பதவி உயர்வு, யாராவது வாங்கிய புதுக் கார், யாருடைய மகனுக்காவது மெடல். அந்தக் கிளப் குடும்பங்களில் ஜலதோஷம்கூட யாருக்கும் வந்ததில்லை. அங்கத்தினர் யாராவது செத்துப்போனால் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம். மற்றபடி துக்கத்துக்கு அந்த நிகழ்ச்சி நிரலில் இடம் கிடையாது.

அப்பாவுக்குப் பாட வராது. தொழிலிலும் வாரா வாரம் என்ன நல்லது நடந்துவிடும்? ஆகவே அவர் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்க ஆரம்பித்தார். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்று ஒருநாள் மைக்கில் சொன்னார். நான் வந்தது பதினொன்றாவதாக. எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். நான் கலர் பாட்டிலோடு எழுந்து நின்று வணக்கம் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டதற்கு, போன தடவைக்கு முன்னேறிவிட்டாய் இல்லையா, அதைத்தான் சொன்னேன் என்றார். அம்மா, அரிச்சந்திரன் வீட்டுப் பக்கத்து வீடு போல என்றாள். மூவரும் சிரித்தோம். பொய் அப்போது அவ்வளவு சின்னதாக, வலிக்காததாக இருந்தது.

அந்த ஆனி மாதம் அவருக்கு உண்டாக்கத் தேவையில்லாத நல்ல செய்தி ஒன்று கிடைத்தது. எனக்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து அம்மா முழுகாமல் இருந்தாள். நாலு மாதம். வெளியே சொல்லக் கூடாது, கண் படும் என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். குடும்ப நாளன்று அப்பாவின் முறை வந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு இன்னொரு விருந்தாளி வரப் போகிறார் என்று சொல்லிவிட்டார். ஹாலே அதிர்ந்தது. தலைவர் மணியை மூன்று தடவை தட்டினார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். கோபமா, வெட்கமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அன்று பேசிய குரல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரைச் சரியாக வைக்க மறந்துபோய், அவர் குரல் ஹால் முழுக்க எதிரொலித்தது.

அம்மா பிள்ளைக்குத் தலையணை தைத்தாள். பஞ்சு இல்லை, கடுகு. சின்னதாக, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பங்கு இருக்கும். பழைய மெல்லிய வாயல் புடவைத் துணியில் கடுகை நிரப்பித் தைப்பார்கள். பிள்ளையின் தலை உருண்டையாக வரும் என்பது கணக்கு. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். அதைக் காதருகே வைத்து அசைத்தால் மழை தூறுகிற மாதிரி சத்தம் வரும். நான் தூங்கப் போகும்போது அதைக் கேட்டு வாங்கி அசைத்துக்கொண்டிருப்பேன். தம்பிக்கு வேண்டும், கிழித்துவிடாதே என்பாள். தம்பிதான் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து பக்கத்துப் போர்ஷன் டீச்சர் வந்து அழைத்துப்போனாள். அவள் வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அப்பா வந்தபோது பட்டப்பகல். நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு குளித்தார். போட்டிருந்த சட்டையைத் துவைக்கவில்லை. துவைக்கிற கல்லின் மேல் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, தம்பி வரவில்லை என்றார். வெளியே யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடமும் இதைப் பற்றிப் பேச்செடுக்காதே என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. குளித்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் பிறந்து, அழாமலே போன ஆண் குழந்தை. இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது. அந்த நாளில் அப்படிப் போன பிள்ளையைப் பெற்றவளுக்குக் காட்ட மாட்டார்கள். அப்பாவின் கையில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். அவர்தான் மயானத்துக்குக் கொண்டுபோனார். இதைப் பற்றிப் பேசாமல் இருங்கள், தானே மறந்துபோவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்களாம். படித்தவர்கள் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். அம்மா வீட்டுக்கு வருவதற்குள் கடுகுத் தலையணையையும் தைத்து வைத்த துணிகளையும் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். எங்கே என்று இன்றுவரை தெரியாது.

அம்மா வந்தாள். வீடு ஒரு விதமாக நடந்தது. அப்பா காலையில் எழுந்ததும் ரேடியோவை வைத்துவிடுவார், கடைக்குப் போகும்வரை அணைக்க மாட்டார். அம்மா பேச வாயெடுத்தால், கறிகாய் என்ன வாங்கட்டும் என்பார். ஒருநாள் அவள், குழந்தை, என்று ஆரம்பித்தாள். அப்பா எழுந்து போய், எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றி வேறு பல்பு மாட்டினார். அவர் அன்பில்லாதவர் இல்லை. கொடுமைக்காரர்களை வெறுத்துவிட்டுப் போகலாம். எங்கள் அப்பாவைப் போன்றவர்களை என்ன செய்வது?

அந்த வாரமும் அடுத்த வாரமும் கிளப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வராதவர்கள் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் விஷயம் வெளியே வரும். போனார். குடும்ப நாள் வந்ததும் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அவர் முறை வந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஃபேன் ஆர்டர் வந்திருப்பதாகச் சொன்னார். மேஜையைத் தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். யாரோ, வீட்டில் எப்படி, ஒருத்தரா இரண்டு பேரா என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"நல்லா இருக்காங்க. டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கார்" என்றார் மைக்கில்.

நான் கலரைக் குடிப்பதை நிறுத்திவிட்டேன். பதினொன்றாவது ராங்க் முதல் ராங்க் ஆனது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது வயது மனசு எதைப் பிடித்துக்கொள்ளும் பாருங்கள். ஒருவேளை தம்பி எங்கேயோ ஆஸ்பத்திரியில் இருக்கிறானோ, கொஞ்சம் பெரிசானதும் கொடுப்பார்களோ, அதைத்தான் அப்பா எங்களுக்குச் சொல்லாமல் கிளப்பில் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அதிலிருந்து வாசலில் ரிக்‌ஷா நிற்கும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். யாரிடமும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஊரூர் குப்பத்தில் கண் முகாம் போட்டார்கள். கடற்கரை மணலில் சாமியானா, வரிசையில் காத்திருக்கும் மீன்காரப் பெண்கள், வலை காயும் கவிச்சி. காற்றில் மைக் உறுமிக்கொண்டே இருந்தது. அப்பா நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைவருடைய மனைவி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தாள். நல்லவள். எல்லோர் வீட்டுப் பிறந்தநாளையும் கல்யாண நாளையும் நினைவு வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மாமிகள் படையோடு வீட்டுக்குப் போய் நின்று வாழ்த்துவது அவளுடைய வழக்கம். திடீர் விருந்து என்று அதற்குப் பெயர். பல வீடுகளில் சட்டினி அரைக்கவும் வழியில்லாமல் திண்டாடியிருக்கிறார்கள், ஆனால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் என் கன்னத்தைத் தட்டி, தம்பிப் பாப்பாவா தங்கச்சிப் பாப்பாவா, எது வேணும் என்று கேட்டாள். தம்பி என்றேன். அவள் விரலை மடக்கி எண்ணி, அப்போ கார்த்திகையில் ஒன்பதாம் மாசம் என்றாள். அப்பா இருபதடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். மைக்கில் கத்திக்கொண்டிருந்ததால் அவர் காதில் விழவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலை வாரவில்லை. அந்த மூன்று மாதமும் அவள் பாதி நாள் அப்படித்தான் இருந்தாள். வாசலில் இரண்டு கார் வந்து நின்றது. குடையும் சிரிப்புமாக ஏழெட்டு மாமிகள். தாம்பாளத்தில் கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், பூ. பின்னால் டிரைவர் கலந்த சாதக் கேரியர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசியாக மரவாடி பாய் வீட்டு அம்மா, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு.

வளைகாப்பு. ஊர் பூராவும் அம்மாவுக்கு ஒன்பது மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். முறம் கீழே சரிந்து உளுந்து தரையெல்லாம் ஓடியது. நின்ற மாத்திரத்தில் அவளைப் பார்த்த எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும். வயிற்றை மறைக்க முடியுமா, இல்லாத வயிற்றைத்தான் காட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் மனுஷர்கள் கண்ணால் பார்ப்பதைவிட காதில் கேட்டதைத்தான் நம்புகிறார்கள். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா பாய் விரித்தாள். எல்லோரையும் உட்காரச் சொன்னாள். என்னைப் பார்த்து, தண்ணி கொண்டா என்றாள். நான் செம்பைக் கொண்டுவந்தபோது அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"குழந்தை தங்கலைங்க. ஆவணியிலயே போயிடுச்சு. பையன்."

அவ்வளவுதான். அழவில்லை. தலைவர் மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சொன்னாரே, வியாழக்கிழமை வியாழக்கிழமை சொன்னாரே என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள். இன்னொருத்தி சட்டென்று வளையல் தாம்பாளத்தின் மேல் தன் கைக்குட்டையை விரித்து மூடினாள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில், கவலைப்படாதே, சின்ன வயசுதானே, அடுத்த வருஷமே என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தத் துக்கத்துக்கும் உடனே ஒரு நல்ல செய்தி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு. கேரியரை வைத்துவிட்டுப் போவதா எடுத்துப் போவதா என்று வாசலில் நின்று குழம்பிவிட்டு எடுத்துப் போனார்கள்.

பாய் வீட்டு அம்மா மட்டும் போகவில்லை. உட்கார்ந்து தரையில் சிதறிய உளுந்தைக் கையால் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் எதிரில் உட்கார்ந்தாள். அந்த அம்மா தலை நிமிராமலே கேட்டாள்.

"யார் ஜாடைம்மா புள்ள?"

மூன்று மாதமாக அந்தக் குழந்தை ஒரு பேச்செடுக்கக் கூடாத விஷயமாக இருந்தது. அவனுக்கு ஒரு முகம் இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தவள் அவள்தான். அம்மா சரிந்து கிடந்த முறத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் பார்க்கலை. எனக்குக் காட்டலை. அவர்தான் எடுத்துட்டுப் போனார்."

"இன்னாம்மா இது. அவரைக் கேளேன்."

"கேக்க விடமாட்டேங்கிறார்."

அப்போதுதான் அம்மா அழுதாள். குழந்தை போனதற்கு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். பாய் வீட்டு அம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, அழாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தன் இரண்டாவது பிள்ளை பிறந்து ஏழாம் நாள் போனதாகவும், காது இரண்டும் அவன் அப்பா காது என்றும் சொன்னாள். இவ்வளவையும் நான் செம்பைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டேன். தம்பி இனிமேல் ரிக்‌ஷாவில் வர மாட்டான் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. நானும் அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று யாரும் நினைக்கவில்லை. அம்மா அழுவதைப் பார்த்துப் பிள்ளை அழுகிறது என்றாள் அந்த அம்மா.

சாயங்காலத்துக்குள் சேதி கடைக்குப் போய்விட்டது. அப்பா உள்ளே வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே" என்றார்.

"அப்ப நான் யார்கிட்டதான் சொல்றது?" என்றாள் அம்மா. "உங்ககிட்டயா?"

அப்பா ரேடியோவைப் போடப் போனார். அம்மா எழுந்து போய் அதன் ப்ளக்கைப் பிடுங்கினாள். வியாழக்கிழமை வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அப்பா கிளப்புக்குப் போகவில்லை என்றார். போகணும் என்றாள் அம்மா. எந்த மைக்கில் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னீர்களோ, அதே மைக்கில் குழந்தை போய்விட்டது என்று சொல்லிவிட்டு வாருங்கள், அவன் ஒருத்தன் பிறந்தான் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்றாள். என்னையும் கூட அனுப்பினாள். சாட்சிக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று நல்ல செய்தி நேரத்தில் யாரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவின் முறை வந்தது. எழுந்தார். மைக்கைக் கையில் எடுத்தார். நண்பர்களே என்றார். எங்கள் வீட்டில், என்றார். தலைவர் பாதியில் எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டார்.

"வேண்டாம் சார். எங்களுக்கெல்லாம் தெரியும். கஷ்டப்படுத்திக்காதீங்க, உட்காருங்க."

திரும்பிப் போய் மணியை ஒரு தட்டுத் தட்டினார். வக்கீலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வக்கீல் எழுந்து, எனக்கு இந்த வாரம் நல்ல செய்தி எதுவும் இல்லை, அதனால் பாடுகிறேன் என்றார். ஹாலில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனுஷர் கோணல் குரலில் பாட, அப்பா உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகிச் சத்தத்தைச் சரி செய்துகொண்டிருந்தார். மரவாடி பாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். போண்டா வந்தது. நான் சாப்பிடவில்லை.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வழியெல்லாம் மழைத் தண்ணீர். வீட்டில் அம்மா தட்டு வைத்துக் காத்திருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொல்ல விடலை."

அம்மா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சாதக் கரண்டியை வைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க கிடக்கட்டும். எங்கிட்ட சொல்லுங்க. நீங்கதானே கையில வாங்கினீங்க. யார் ஜாடையா இருந்தான்?"

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து பல்பைக் கழற்றப் போகிறார் என்று எனக்குப் பயம். அவர் எழுந்திருக்கவில்லை. கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். நெற்றி உன் அப்பா நெற்றி, அகலம் என்றார். மூக்கு உன்னுடையது. விரல் நீள நீளமாக இருந்தது, கையை மூடி வைத்திருந்தான். தலை நிறைய முடி, கறுகறுவென்று, காதை மறைக்கும் அளவுக்கு. அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிறம்? உன்னை மாதிரி இல்லை, இவளை மாதிரி, என்று என்னைக் காட்டினார். புருவம் இருந்ததா? இருந்தது, மை தீட்டின மாதிரி. வாய் திறந்திருந்ததா? இல்லை, மூடியிருந்தது, தூங்குகிற பிள்ளை மாதிரி. சொல்லும்போதே அப்பா அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே சொன்னார். அம்மா தன் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, அப்புறம், என்றாள். சாதம் ஆறிப்போனது. அந்த வீட்டில் அன்றைக்குத்தான் தம்பி பிறந்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா கிளப்பை விட்டுவிடவில்லை. மைக்செட்டோடு இன்னும் பல வருஷம் போனார். பதினொன்றாவது ராங்க்காரி எம்.ஏ. வரை படித்ததைக்கூட அங்கே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். வேறு குழந்தை பிறக்கவில்லை. அம்மா தம்பியைப் பற்றிப் பேசுவாள். அவன் இருந்தால் இந்த வருஷம் காலேஜ் என்பாள். அந்த முடிக்கு எண்ணெய் வைத்து மாளாது என்பாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டுவார்.

எனக்குப் பிள்ளை பிறந்து, குறை மாதத்துக் குழந்தைகளை ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகுதான் அந்த முடி எனக்கு இடித்தது. ஆறு மாதத்துப் பிள்ளைக்குக் காதை மறைக்கும் முடி ஏது? அழுத்தமான புருவம் ஏது? மை தீட்டினாற்போல வேறு. அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆனபின், ஒருநாள் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். அப்பா தம்பி முகத்தை நிஜமாகவே பார்த்தாரா அம்மா?

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கே பார்த்தார்? துணியை விலக்கவே கை வரலை அவருக்கு, கண்ணை மூடிக்கிட்டுதான் வாங்கிட்டுப் போனார்னு ஆஸ்பத்திரி ஆயா அப்பவே சொல்லிட்டாளே. நீ அவர்கிட்ட கேட்டுத் தொலைச்சிருப்பியோன்னு எத்தனை நாள் பயந்திருக்கேன். போடி. வாரா வாரம் கிளப்புக்குப் பொய் சொன்னார். அந்த ஒரு நாள்தான் எனக்காகச் சொன்னார்."